இடத்தைக் கூட்டும் முன் ஒரு நிமிடம்

கம்ப்யூட்டர் வாங்கிய முதல் மாதத்தில் யாரும் ஹார்ட் டிஸ்க்கைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. "500 ஜிபி இருக்கிறது சார், ஆயுசுக்கும் போதும்" என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருப்பார். வீட்டிற்கு வந்து பார்த்தால் 465 ஜிபி தான் காட்டும். அதற்கே சிலர் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதுண்டு. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. டிஸ்க் தயாரிப்பவர் ஒரு ஜிபியை 100 கோடி பைட் என்று கணக்கிடுகிறார். விண்டோஸ் அதையே 107 கோடிக்கும் சற்று அதிகமான பைட் என்று கணக்கிடுகிறது. அளக்கும் படி வேறு, அரிசி அதே அளவுதான்.

உண்மையான கவலை ஓரிரு ஆண்டுகள் கழித்துத்தான் வரும். ஒரு நாள் சி டிரைவின் நீலக் கோடு சிவப்பாக மாறும். உடனே நம் மனதில் தோன்றும் எண்ணம் ஒன்றே ஒன்றுதான். "இடத்தைக் கூட்ட வேண்டும்!" பெரிய டிஸ்க் வாங்கலாமா, பார்ட்டிஷனை இழுத்து நீட்டலாமா, அதற்கென்று இலவச புரோகிராம் ஏதும் கிடைக்குமா என்று தேடத் தொடங்கிவிடுவோம்.

இந்த அவசரம் வீட்டுக் கம்ப்யூட்டர்காரர்களுக்கு மட்டும் உரியது அல்ல. குளிரூட்டப்பட்ட அறையில் வரிசையாக சர்வர்களை வைத்துப் பராமரிக்கும் நிபுணர்களும் இதே அவசரத்தில்தான் இருக்கிறார்கள். அங்கு நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லி, அதிலிருந்து நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு என்ன பாடம் என்று பார்க்கலாமா?

சர்வருக்குள் சர்வர்

முதலில் சில பெயர்களைத் தெரிந்து கொள்வோம். ஒரு கம்ப்யூட்டருக்குள்ளேயே, புரோகிராம் மூலம் இன்னொரு கம்ப்யூட்டரை உருவாக்கி இயக்கலாம். இதனை விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். அதற்குத் தனியாக ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம், தனியாக நினைவகம், தனியாக ஒரு டிஸ்க் எல்லாம் இருக்கும். ஆனால் அந்த டிஸ்க் கையில் எடுத்துப் பார்க்கக் கூடிய பொருள் அல்ல. வெளியிலிருந்து பார்த்தால் அது ஒரு பெரிய பைல், அவ்வளவுதான்.

பெரிய நிறுவனங்களில் இப்படி நூற்றுக்கணக்கான விர்ச்சுவல் சர்வர்கள் ஓடும். அத்தனையையும் ஒரே திரையிலிருந்து நிர்வகிக்க விஎம்வேர் நிறுவனம் தருவது விசென்டர் சர்வர். முன்பு இதனை ஒரு விண்டோஸ் சர்வரில் நாமே இன்ஸ்டால் செய்ய வேண்டியிருந்தது. 2011ல் வந்த விஸ்பியர் 5 பதிப்புடன், லினக்ஸ் உட்பட எல்லாவற்றையும் உள்ளே வைத்துத் தயாராகக் கட்டிய ஒரு விர்ச்சுவல் மெஷினாகவும் இது கிடைக்கத் தொடங்கியது. இதற்கு அப்ளையன்ஸ் என்று பெயர். மிக்ஸி, கிரைண்டர் போல வாங்கி வந்து பிளக்கை மாட்டினால் போதும் என்பது இதன் பொருள். 2020ல் வந்த 7ம் பதிப்பிலிருந்து விண்டோஸ் வகை நிறுத்தப்பட்டு, அப்ளையன்ஸ் மட்டுமே தரப்படுகிறது. 2023 நவம்பரில் விஎம்வேர் நிறுவனத்தையே பிராட்காம் வாங்கிவிட்டது.

மிக்ஸிக்குள் என்ன இருக்கிறது என்று நாம் கழற்றிப் பார்ப்பதில்லை அல்லவா? அப்ளையன்ஸ் விஷயத்திலும் பலர் அப்படித்தான் இருந்துவிடுகிறார்கள். அங்குதான் சிக்கல் தொடங்குகிறது.

திங்கட்கிழமை காலை

எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் நடுத்தர நிறுவனம் ஒன்றில் சர்வர்களைப் பார்த்துக் கொள்கிறார். ஒரு திங்கட்கிழமை காலை அவர் நிர்வாகத் திரையைத் திறக்க முயன்றிருக்கிறார். 503 என்ற எண்ணுடன், சேவை கிடைக்கவில்லை என்ற செய்தி மட்டுமே வந்தது. நெட்வொர்க் கேபிளைப் பார்த்தார்கள். பிரவுசரை மாற்றினார்கள். பயர்வாலைச் சந்தேகப்பட்டார்கள். மேலதிகாரி ஒருவர், "எல்லா சர்வரையும் ஆப் செய்து ஆன் பண்ணுங்கள்" என்றும் சொல்லியிருக்கிறார்.

நல்ல வேளையாக யாரும் அதைச் செய்யவில்லை. ஏனென்றால் நிர்வகிக்கும் சர்வர்தான் நின்று போயிருந்தது. அது நிர்வகித்து வந்த மற்ற சர்வர்கள் எந்தக் குறையும் இல்லாமல் ஓடிக் கொண்டிருந்தன. மேஸ்திரி வரவில்லை என்பதற்காகக் கட்டிய சுவர் விழுந்து விடாது.

இரண்டு மணி நேரத் தேடலுக்குப் பிறகு காரணம் தெரிந்தது. அப்ளையன்ஸின் டிஸ்க்குகளில் ஒன்று நிரம்பிவிட்டது. அந்தத் திரையில் "இடம் இல்லை" என்ற இரண்டே சொற்கள் இருந்திருந்தால் இரண்டு மணி நேரம் மிச்சமாகியிருக்கும். இது என் முதல் குறை. வீட்டிலும் இதே கதைதான். விண்டோஸ் அப்டேட் இன்ஸ்டால் ஆகாமல் ஏதோ ஒரு நீண்ட பிழை எண்ணைக் காட்டும். அந்த எண்ணைத் தேடிக் களைத்த பிறகே, டிஸ்க்கில் இடம் இல்லாததுதான் காரணம் என்று தெரிய வரும்.

சரி, அவர்கள் என்ன செய்தார்கள்? நிரம்பிய டிஸ்க்கின் அளவைக் கூட்டினார்கள். சேவை மீண்டது. எல்லோரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். மூன்று மாதம் கழித்து அதே திங்கட்கிழமை, அதே 503!

அஞ்சறைப் பெட்டி

இங்கு அப்ளையன்ஸின் அமைப்பைச் சற்று கவனியுங்கள். அதற்கு இருப்பது ஒரே டிஸ்க் அல்ல. பத்துக்கும் மேற்பட்ட விர்ச்சுவல் டிஸ்க்குகள் இருக்கின்றன. லாக் பைல்களுக்கு ஒன்று, டேட்டாபேஸுக்கு ஒன்று, புரோகிராம் முறிந்து விழும்போது எழுதப்படும் கோர் பைல்களுக்கு ஒன்று, புள்ளிவிவரங்கள், நிகழ்வுகள், எச்சரிக்கைகள், பணிகள் ஆகிய நான்கையும் வைக்க ஒன்று என்று தனித்தனியாகப் பிரித்திருக்கிறார்கள். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டி போலத்தான். கடுகு கொட்டினாலும் சீரகத்துடன் கலக்காது.

இதனால் என்ன லாபம்? எது நிரம்பியது என்று பார்த்த உடனேயே, ஏன் நிரம்பியது என்பதில் பாதி தெரிந்துவிடும். இந்த நிறுவனத்தில் நிரம்பியது புள்ளிவிவரப் பகுதி. சில மாதங்களுக்கு முன், ஏதோ ஒரு சர்வர் மெதுவாக ஓடுகிறது என்று காரணம் தேடியவர்கள், புள்ளிவிவரம் சேகரிக்கும் அளவை 1ம் நிலையிலிருந்து 4ம் நிலைக்கு உயர்த்தியிருக்கிறார்கள். தேடல் முடிந்ததும் பழையபடி 1ம் நிலைக்குக் கொண்டுவர மறந்துவிட்டார்கள். அப்ளையன்ஸ் பாவம், சொன்ன வேலையைச் செய்து கொண்டே இருந்தது. ஒவ்வொரு சர்வரின் ஒவ்வொரு அசைவையும் எழுதி எழுதி வைத்தது. குழாயைத் திறந்து வைத்துவிட்டுப் பெரிய வாளி வாங்கி வைத்தால், அதுவும் ஒரு நாள் நிரம்பி வழியத்தானே செய்யும்?

இதில் இன்னொன்றும் உண்டு. இந்த அப்ளையன்ஸ் 80 சதவீதம் நிரம்பியதும் எச்சரிக்கை தருகிறது. 95 சதவீதத்தில் தன் சேவைகளைத் தானே நிறுத்திக் கொள்கிறது. கடைசி பைட் வரை எழுதி டேட்டாபேஸைக் கெடுத்துக் கொள்வதை விட, கொஞ்சம் முன்னதாகவே நின்றுவிடுவது மேல் என்பது அதன் கணக்கு. ஆக, எச்சரிக்கை பல நாட்களாக மஞ்சள் நிறத்தில் அங்கேயே இருந்திருக்கிறது. தினமும் பார்த்துப் பழகியதால் யார் கண்ணிலும் படவில்லை.

வீட்டில் என்ன பாடம்?

"இதெல்லாம் பெரிய இடத்துச் சமாச்சாரம். எனக்கு எதற்கு?" என்று கேட்கிறீர்களா? உங்கள் சி டிரைவ் நிரம்புவதும் இதே காரணத்தால்தான். எங்கோ ஒரு குழாய் திறந்திருக்கிறது.

என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். இடத்தைக் கூட்டுவது முதலுதவி. அது வைத்தியம் அல்ல. எது நிரப்புகிறது என்று தெரியாமல் இடத்தைக் கூட்டுபவர், பிரச்னையைத் தீர்க்கவில்லை. அடுத்த தவணைக்குத் தள்ளிப் போட்டிருக்கிறார்.

எனவே முதலில் காரணத்தைத் தேடுங்கள். விண்டோஸ் 10 மற்றும் 11ல் செட்டிங்ஸ் சென்று, சிஸ்டம், ஸ்டோரேஜ் எனத் தேர்ந்தெடுங்கள். எந்த வகை பைல்கள் எவ்வளவு இடம் பிடித்திருக்கின்றன என்ற பட்டியல் கிடைக்கும். இன்னும் விவரம் வேண்டும் என்றால் விண்டிர்ஸ்டாட் என்ற இலவச புரோகிராமைப் பயன்படுத்தலாம். அது உங்கள் டிஸ்க்கையே வண்ணக் கட்டங்களாக வரைந்து காட்டும். பெரிய கட்டம் எதுவோ அதுதான் திருடன். பெரும்பாலும் டவுன்லோட்ஸ் போல்டரில் கிடக்கும் பழைய இன்ஸ்டாலேஷன் பைல்கள், காலி செய்யாத ரீசைக்கிள் பின், இருமுறை காப்பி செய்த வீடியோக்கள் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. இந்த ஸ்டோரேஜ் பக்கத்தில் தற்காலிக பைல்களை அழிக்கும் பட்டியலில் டவுன்லோட்ஸ் என்றும் ஒரு கட்டம் இருக்கும். பெயரைப் படிக்காமல் எல்லாக் கட்டங்களிலும் டிக் செய்து விடாதீர்கள். உங்கள் மின் கட்டண ரசீதும் மகனின் ஹால் டிக்கெட்டும் அங்குதான் இருக்கும். அதே போல விண்டோஸ் போல்டருக்குள் நுழைந்து, "இது பெரிதாக இருக்கிறதே" என்று எதையும் கையால் அழிக்காதீர்கள். சர்வர் அறையிலும் இதே விதிதான். டேட்டாபேஸ் பைலைக் கையால் அழித்து இடம் பிடிக்க முயன்றால், இடம் கிடைக்கும், டேட்டாபேஸ் கிடைக்காது.

இரண்டு படிகள்

தேடியாகிவிட்டது, சுத்தம் செய்தாகிவிட்டது, அப்படியும் இடம் போதவில்லை. இப்போது கூட்டலாம். இதில் பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. இடத்தைக் கூட்டுவது ஒரு வேலை அல்ல, இரண்டு வேலை.

பக்கத்து மனையை வாங்கிவிட்டால் மட்டும் உங்கள் வீடு பெரிதாகி விடுவதில்லை. பத்திரப் பதிவு முடிந்த பின்னும், பழைய மதில் சுவர் அங்கேயேதான் நிற்கும். அதை இடித்துத் தள்ளிக் கட்டினால்தான் அந்த இடம் புழக்கத்திற்கு வரும். டிஸ்க்கைப் பெரிதாக்குவது மனை வாங்குவது போல. உள்ளே இருக்கும் பார்ட்டிஷனையும் பைல் சிஸ்டத்தையும் நீட்டுவது மதில் சுவரைத் தள்ளிக் கட்டுவது போல.

விசென்டர் அப்ளையன்ஸிலும் இதே இரண்டு படிகள்தான். முதலில் அந்த விர்ச்சுவல் மெஷினின் அமைப்பில் நிரம்பிய டிஸ்க் எதுவென்று சரியாகப் பார்த்து அதன் அளவைக் கூட்ட வேண்டும். பிறகு அப்ளையன்ஸுக்குள் சென்று, அதற்கென்றே கொடுக்கப்பட்டிருக்கும் ஆட்டோகுரோ என்ற சிறிய ஸ்கிரிப்டை இயக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே இருக்கும் லினக்ஸ் புதிய இடத்தைப் பயன்படுத்தத் தொடங்கும். இதற்கு அப்ளையன்ஸை நிறுத்தக் கூட வேண்டியதில்லை.

"நிர்வாகத் திரையே திறக்கவில்லை, பிறகு அதன் டிஸ்க்கை எப்படிக் கூட்டுவது?" என்ற கேள்வி வரும். சாவியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிய கதைதான். ஆனால் கொல்லைப்புறக் கதவு ஒன்று உண்டு. அந்த அப்ளையன்ஸ் எந்த சர்வர் மீது ஓடுகிறதோ, அதனுள் நேரடியாக லாக் இன் செய்து கூட்டலாம். எந்த சர்வர் என்று முன்பே எழுதி வைத்திருப்பவர்கள் ஐந்து நிமிடத்தில் முடிப்பார்கள். எழுதி வைக்காதவர்கள் ஒவ்வொரு சர்வராகத் தட்டிப் பார்க்க வேண்டும்.

வீட்டில் விர்ச்சுவல் பாக்ஸ் பயன்படுத்துபவர்கள் இப்போது பலர். பழைய டைப்பிங் புரோகிராம், பழைய கணக்கு சாப்ட்வேர் இவற்றுக்காகவே உள்ளே ஒரு பழைய விண்டோஸை வைத்திருக்கிறார்கள். இவர்கள் விர்ச்சுவல் மெஷினை முறையாக ஷட் டவுன் செய்து, விர்ச்சுவல் மீடியா மேனேஜர் பகுதியில் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து அளவைக் கூட்டலாம். ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்திருந்தால் முதலில் அவற்றை நீக்கிவிடுங்கள். நீக்கும்போது அவற்றில் உள்ள மாற்றங்கள் மூல டிஸ்க்குடன் சேர்ந்துவிடும், எதுவும் தொலையாது. விசென்டர் அப்ளையன்ஸிலும் ஸ்னாப்ஷாட் இருக்கும் வரை டிஸ்க்கைக் கூட்ட முடியாது.

பிறகு உள்ளே உள்ள விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட் சென்று, சி டிரைவ் மீது ரைட் கிளிக் செய்து எக்ஸ்டெண்ட் வால்யூம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இந்த வசதி விஸ்டாவில் இருந்துதான் உண்டு. எக்ஸ்பி வைத்திருப்பவர்கள் சி டிரைவை நீட்டப் போராடுவதை விட, இரண்டாவதாக ஒரு விர்ச்சுவல் டிஸ்க்கைச் சேர்த்து டி டிரைவாக வைத்துக் கொள்வதே சுலபம்.

சிலருக்கு எக்ஸ்டெண்ட் வால்யூம் என்ற சொல் மங்கலாகத் தெரியும், கிளிக் செய்தால் ஒன்றும் நடக்காது. பயப்பட வேண்டாம். சி டிரைவுக்கும் காலி இடத்திற்கும் நடுவே ரெக்கவரி பார்ட்டிஷன் உட்கார்ந்திருக்கும். நடுவில் அடுத்தவர் மனை இருந்தால் மதிலை எப்படித் தள்ளுவது? விண்டோஸ், சி டிரைவை அடுத்து ஒட்டியிருக்கும் காலி இடத்தை மட்டுமே சேர்க்கும்.

காகிதத்தில் இருக்கும் இடம்

இன்னொரு மாயத்தையும் சொல்ல வேண்டும். விர்ச்சுவல் டிஸ்க் 100 ஜிபி என்று நீங்கள் எழுதிவிட்டால், 100 ஜிபி உடனே ஒதுக்கப்படுவதில்லை. பெரும்பாலும் அது எழுத எழுதத்தான் வளரும். எனவே 50 ஜிபி காலியுள்ள டிரைவில், 100 ஜிபி அளவுள்ள விர்ச்சுவல் டிஸ்க் இரண்டு கூட உருவாக்கலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். சீட்டுக் கம்பெனி நடத்துபவர் எல்லோருக்கும் பணம் தருகிறேன் என்று சொல்வது போலத்தான் இது. எல்லோரும் ஒரே நாளில் வந்து கேட்டால் தெரியும் சேதி. உள்ளே இருக்கும் விண்டோஸ் இன்னும் இடம் இருப்பதாகவே நினைத்துக் கொண்டிருக்கும். வெளியே டிரைவ் நிரம்பி, விர்ச்சுவல் மெஷின் நடுவழியில் நின்றுவிடும். ஆகவே உள்ளே கூட்டும் முன், வெளியே உண்மையில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

எதற்கும் முன் காப்பி

இது நான் பட்டுத் தெரிந்து கொண்டது. பல ஆண்டுகளுக்கு முன் என் கம்ப்யூட்டரில் சி டிரைவ் சிவந்தது. டி டிரைவில் நிறைய இடம் இருந்தது. டி டிரைவைக் குறுக்கி, நகர்த்தி, சி டிரைவை நீட்ட ஒரு புரோகிராமை இயக்கினேன். "பேக்கப் எடுத்தீர்களா?" என்று அது கேட்டது. ஆமாம் என்று பொய் சொல்லிக் கிளிக் செய்தேன். 60 சதவீதம் வந்தபோது மின்சாரம் போனது. யுபிஎஸ் பேட்டரி இரண்டு நிமிடம் தாங்கியது. மீண்டும் கம்ப்யூட்டரை இயக்கியபோது டி டிரைவையே காணோம். அதில் என் தந்தையாரின் கடைசி இரண்டு வருடப் புகைப்படங்கள் இருந்தன. கடைகளில் கொடுத்து முயன்று, சில படங்களே திரும்பக் கிடைத்தன. அதற்குச் சில நாட்கள் முன்புதான், சிடி விலையை யோசித்துக் காப்பி எடுப்பதைத் தள்ளிப் போட்டிருந்தேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே விதி. டிஸ்க்கின் அமைப்பைத் தொடும் எந்த வேலைக்கும் முன், முக்கியமான பைல்கள் வேறொரு டிஸ்க்கில் இருக்க வேண்டும். அதே டிஸ்க்கின் இன்னொரு பார்ட்டிஷனில் வைப்பது காப்பி அல்ல. லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகிய பிறகே தொடங்குங்கள். விர்ச்சுவல் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் சுலபம். மெஷினை ஷட் டவுன் செய்து அதன் போல்டரை அப்படியே வேறு டிஸ்க்கிற்குக் காப்பி செய்தால் போதும்.

அப்படியானால் அஞ்சறைப் பெட்டி போல நம் டிஸ்க்கையும் பத்துத் துண்டாகப் பிரித்து விடலாமா? வேண்டாம் என்பதே என் கருத்து. வீட்டில் எந்தப் பைல் எவ்வளவு வளரும் என்று யாருக்கும் முன்கூட்டியே தெரியாது. சி டிரைவ் மூச்சுத் திணற, டி டிரைவ் காற்று வாங்கிக் கொண்டிருக்கும் கம்ப்யூட்டர்களை எத்தனையோ பார்த்துவிட்டேன். எனக்கு நேர்ந்ததும் அதுவேதான். பிரிப்பதானால் விண்டோஸும் புரோகிராம்களும் ஒரு டிஸ்க்கில், உங்கள் படங்களும் ஆவணங்களும் இன்னொரு டிஸ்க்கில் என்று பிரியுங்கள். அப்ளையன்ஸிடமிருந்து நாம் எடுத்துக் கொள்ள வேண்டியது பிரிவுகளின் எண்ணிக்கையை அல்ல, அதன் 80 சதவீதப் பழக்கத்தை. டிஸ்க்கில் ஐந்தில் நான்கு பங்கு நிரம்பியதுமே எழுந்து பார்க்க வேண்டும். சிவப்பாகும் வரை காத்திருக்கக் கூடாது.

அந்த இளைஞர் இரண்டாம் முறை டிஸ்க்கைக் கூட்டவில்லை. பேக்கப் இருக்கிறதா என்று உறுதி செய்து கொண்டார். தேவையான அளவு மட்டும் இடம் கொடுத்து சேவையை எழுப்பிவிட்டு, புள்ளிவிவர அளவை மீண்டும் 1ம் நிலைக்குக் கொண்டு வந்தார் என்று சொன்னால்தான் சரியாக இருக்கும். கூட்டியது சிறிதளவு, திருத்தியது மூல காரணத்தை. ஒரு நோட்டில் தேதியுடன் எழுதியும் வைத்தார். அதன் பிறகு அந்த 503 வரவில்லை.

நீங்களும் ஒரு நோட்டு வாங்கிக் கம்ப்யூட்டர் பக்கத்தில் வையுங்கள். மாதம் ஒரு முறை, சி டிரைவில் எவ்வளவு இடம் மிச்சம் என்று தேதியுடன் எழுதுங்கள். ஒரே மாதத்தில் 20 ஜிபி காணாமல் போயிருந்தால் எங்கோ குழாய் திறந்திருக்கிறது என்று பொருள். அதை மூடிவிட்டு, காப்பி எடுத்துவிட்டு, பிறகு இடத்தைக் கூட்டுவதைப் பற்றி யோசியுங்கள். பெரும்பாலும் கூட்ட வேண்டிய அவசியமே வந்திருக்காது.